கடைசிக் காட்சியின் பாங்கு

காத்தான்குடி
2025 மே 26

நிலோஜன்,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். எதற்கென்று தெரியவில்லை. கோபப்பட வேண்டியவள் நான். அதனால்தான் இந்த மின்னஞ்சல். இதற்கும் பதில் வராவிட்டால் கட்டாரில் உங்கள் கம்பனிக்கே எழுதுவேன்.

சனிக்கிழமை பின்னேரம் 'தோணி வரும்வரை' படத்தை இங்கே மண்டபத்தில் போட்டோம். கதிரை போதாமல் பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். நீங்கள் எடுத்த காட்சிகளைப் பார்த்து, "இது எங்கட ஆறா?" என்று ஆட்கள் கேட்டார்கள். நியாயமாக அதையும் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

பிறகு கடைசிக் காட்சி. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் கோபம் வந்தால் எனக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வருகிறது. நோன்பு பிடித்த ஒரு பெண். மீனுக்குப் போன புருசன் திரும்பவில்லை. பொழுது படுகிறது. கரையில் தனியே இருக்கிறாள். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்கிறது. பேரீச்சம்பழத்தைக் கடித்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து நோன்பு திறக்கிறாள். பாங்கு முடிவதற்குள் தூரத்தில் தோணி தெரிகிறது. வசனம் கிடையாது. அந்தப் பாங்குதான் வசனம்.

பாங்கு பாதி தாண்டியதும் முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஏனென்று எனக்கு விளங்குவதற்குள் மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீங்கள் போட்டிருந்தது பொழுது படும்போது சொல்லும் மஃரிப் பாங்கு இல்லை, நிலோஜன். சுபஹ் பாங்கு. விடியற்காலைப் பாங்கில் மட்டும்தான் 'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்ற வரி வரும். மற்ற எந்த நேரத்திலும் வராது. ஓதப் போகும் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நோன்பு பிடிக்கிறவர் சுபஹ் பாங்கோடு வாயை மூட வேண்டும், மஃரிப் பாங்கோடு திறக்க வேண்டும். நம் கதாநாயகி சுபஹ் பாங்கு சொல்லச் சொல்ல ஆற அமரத் தண்ணீர் குடிக்கிறாள்.

றம்லா ராத்தா நடுவிலேயே எழுந்து போய்விட்டார். எங்கள் தெருவுக்கே அக்கா, இடியப்பம் அவித்துக் கொடுத்துப் பிழைக்கிறவர். அந்தப் பெண்ணாக நடிக்க மாட்டேன் என்று நின்றவரை நான்தான் கெஞ்சிக் கூத்தாடி நடிக்க வைத்தேன். இன்று காலை இடியப்பம் வாங்க வந்த ஒருவன், "ராத்தா, சுபஹுக்கு நோன்பு திறந்தாச்சா?" என்று கேட்டிருக்கிறான். கதவைச் சாத்திவிட்டார்.

எடிட் செய்யும்போது என் போனில் பிடித்த மஃரிப் பாங்கு ஒன்றை நான் அந்த இடத்தில் வைத்திருந்தேன். ஓட்டோ சத்தத்தோடு இருந்தாலும் அது மஃரிப். அதைத் தூக்கி எறிந்துவிட்டு 'சுத்தமான' ஒன்றைப் போட்டது நீங்கள். சுத்தம் என்றால் என்ன, நிலோஜன்?

ஒலித் தடங்கள் எல்லாம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. உடனே அனுப்புங்கள்.

றிஸ்லா


டோஹா
2025 மே 29

மதிப்புக்குரிய றிஸ்லா டீச்சர் அவர்களுக்கு,

நாலு வருடமாக றிஸ்லா என்றே கூப்பிட்டேன். இனி டீச்சர்தான்.

ஏன் தடுத்தேன் என்று தெரியவில்லை என்கிறீர்கள். படம் முடிந்ததும் மேடையில் ஏறி நீங்கள் சொன்னதை அப்ஹாம் போனில் பிடித்து எனக்கு அனுப்பினான். புரஜெக்டர் தந்த அதே அப்ஹாம்தான். "சவுண்ட் செஞ்ச ஆள் தமிழ் ஆள், அவருக்கு இதெல்லாம் விளங்காது, மன்னிச்சிக்கங்க." சத்தம் நன்றாகத் தெளிவாக இருந்தது. மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பேசுங்கள் என்று நான் சொல்லித் தந்ததை மறக்கவில்லை நீங்கள்.

நீங்களும் நானும் பேசுவது ஒரே தமிழ். ஆனால் நம் மாவட்டத்தில் முஸ்லிம் ஆட்கள் எங்களைத் 'தமிழ் ஆள்' என்று எப்போது பிரித்துச் சொல்வார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிலோஜன் பிழை விட்டுவிட்டான் என்று சொல்லியிருந்தால் தலை குனிந்து கேட்டிருப்பேன். என் பெயரைத் தூக்கிவிட்டு என் சாதி சனத்தை முழுக்க அந்த மேடையில் நிறுத்தினீர்கள். பனிச்சங்கேணியில் முழங்கால் சேற்றில் நின்று உங்களுக்குக் கமரா பிடித்தபோது நான் தமிழ் ஆளாக இருக்கவில்லை.

அந்தப் பாங்கை எப்படிப் பதிவு செய்தேன் என்று கேட்கவும் இல்லை. பிளேன் ஏறுவதற்கு முதல் நாள், விடியுமுன் களுவாஞ்சிக்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து உங்கள் ஆற்றங்கரையில் நின்று பதிவு செய்தேன். ஒலிப்பதிவுக்காரனுக்கு முதல் பாடம், ஊர் எழும்புமுன் போ என்பது. ஓட்டோ இல்லை, தண்ணீர் மோட்டார் இல்லை, காகம் இல்லை. ஒரே ஒரு குரல். அந்தக் கோப்புக்கு 'பாங்கு – சுத்தம்' என்று பெயர் வைத்தேன். சுத்தம் என்றால் அதுதான்.

மிக்ஸ் முடிந்ததும் உங்களுக்கு அனுப்பினேன். ஹெட்போனில், கடைசி வரை கேளுங்கள் என்று எழுதினேன். 'கேட்டன், ஓகே' என்று பதில் வந்தது. உங்கள் பதில் என்னிடம் இருக்கிறது.

தடங்களை அனுப்ப மாட்டேன். தமிழ் ஆளின் தடங்கள் உங்களுக்கு எதற்கு?

நிலோஜன்


காத்தான்குடி
2025 ஜூன் 3

நிலோஜன்,

டீச்சர் என்று எழுதினால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா? வகுப்பில் என்னை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே தலையில் ஏறி நிற்கிறார்கள் பிள்ளைகள்.

சொன்னேன். சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். மண்டபம் சிரித்துக் கொண்டிருந்தது. ராத்தா முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்க் கொண்டிருந்தார். எதையாவது சொல்லி அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்று மைக்கைப் பிடித்தேன். வாயில் வந்தது அது. ஏன் அது வந்தது என்று கேட்காதீர்கள். சொன்னால் நல்ல பதிலாக இருக்காது.

ஆனால் ஒன்று. நீங்கள் சுற்றிச் சுற்றி உங்கள் கோபத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். ராத்தாவைப் பற்றி ஒரு வரி இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு விழாவுக்கு நம் படத்தை எடுத்திருக்கிறார்கள், போன கிழமைதான் அறிவித்தார்கள். சந்தோசத்தோடு போய் ராத்தாவிடம் சொன்னேன். கதவைப் பாதிதான் திறந்தார்.

"இந்தப் படத்த இனி ஒரு இடத்திலயும் போடக் கூடா. போடுறெண்டா முதல்ல அந்த மண்டபத்திலயே, சிரிச்ச ஆக்களுக்கே, சரியான பாங்கோட போட்டுக் காட்டு. அதுக்குப் பொறகு எங்க வேணுமெண்டாலும் கொண்டு போ. இல்லாட்டி என்ட மூஞ்ச வெட்டி எறிஞ்சிட்டுப் போடு."

அவர் முகத்தை வெட்டினால் படத்தில் மிஞ்சுவது ஆறும் நாலு கொக்கும்தான். உங்களுக்கு இது ஒரு படம். அவருக்கு இது தினமும் காலையில் கதவைத் திறக்க முடியுமா முடியாதா என்ற பிரச்சினை.

நானே சரி செய்யப் பார்த்தேன். உங்கள் மிக்ஸில் பாங்கும் தண்ணீரும் தோணிச் சத்தமும் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. அதன் மேல் என் போன் பாங்கை வைத்தால் இரண்டு பள்ளிகள் சண்டை பிடிப்பது போல இருக்கிறது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து நம் ஆற்றில் பாடும் மீனைப் பதிவு செய்துகொண்டு போகிறார்கள். நமக்கு நம் வீட்டு வாசலில் கேட்கும் பாங்கைப் பதிவு செய்யத் தெரியவில்லை.

தடங்களை அனுப்புங்கள்.

றிஸ்லா


டோஹா
2025 ஜூன் 8

டீச்சர்,

நேற்று உங்கள் பெருநாள். வாழ்த்துச் சொல்கிற மனநிலையில் நான் இல்லை. உங்கள் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மட்டும் சொல்லுங்கள்.

'கேட்டன், ஓகே' என்று நீங்கள் அனுப்பிய நேரத்தைப் போய்ப் பார்த்தேன். அங்கே மஃரிப் தாண்டிக் கொஞ்ச நேரம். அப்படியென்றால் கடைசிக் காட்சி ஓடும்போது உங்கள் தெருப் பள்ளியில் உண்மையான பாங்கு சொல்லியிருக்கும். வாப்பாவின் கடை மேல்மாடியில் உங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்து நாலு வருடம் எடிட் செய்தவன் நான். நாம் வேலைதான் செய்கிறோமா என்று பார்க்க வாப்பா தேத்தண்ணியோடு மேலே வந்து போவார். பாங்கு தொடங்கினால் உங்கள் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். லேப்டாப்பின் சத்தத்தை நிறுத்தும். பிறகு முக்காட்டைச் சரி செய்யும். படம் ஊமையாக ஓடிக்கொண்டிருக்கும். நானும் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பள்ளியில் முடிந்த பிறகுதான் நமக்குப் பேச்சு வரும்.

அன்றும் அதுதான் நடந்திருக்கிறது. வெளியே பாங்கு, உள்ளே உங்கள் கை. நீங்கள் என் பாங்கைக் கேட்கவே இல்லை. கேட்காமல் ஓகே சொல்லிவிட்டு மேடையில் என்னை விற்றீர்கள். விளங்காத தமிழ் ஆளுக்கு இவ்வளவும் விளங்குகிறது.

இதுவரை எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். றம்லா ராத்தா கதவைப் பாதி திறந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன். உங்களுக்காக இல்லை.

தடங்களை அனுப்பினாலும் உங்களுக்குச் சேர்க்கத் தெரியாது. நீங்கள் மஃரிப் பாங்கைப் பதிவு செய்து அனுப்புங்கள், நான் சேர்க்கிறேன். ரெக்கோடர் உங்கள் அலுமாரியில் இருக்கிறது. பழைய பெற்றறியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். ரெக்கோடரைக் கையில் பிடிக்காதீர்கள், முக்காலியில் வையுங்கள். கையில் பிடித்தால் உங்கள் அபாயா உரசும் சத்தம்தான் படம் முழுக்கக் கேட்கும். போனை ஏரோபிளேன் மோட்டில் போடுங்கள். பின்னேரம் அஸர் பாங்கு நேரமே போய் இடம் பிடியுங்கள். அஸரை வைத்து லெவலைச் சரி பாருங்கள், எந்த இடத்திலும் மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. பிறகு அந்தத் திருகைத் தொடாமல் மஃரிபுக்குக் காத்திருங்கள். பாங்கு தொடங்கிய பிறகு லெவலைத் தேடுகிறவனுக்குப் பாங்கு காத்திருக்காது. முடிந்த பிறகும் நிறுத்தாதீர்கள். அந்த இடத்தின் வெறும் சத்தம் கொஞ்சம் வேண்டும், ஒட்டுப் போடுவதற்கு.

படம் எடுத்த அதே ஆற்றங்கரையில் நில்லுங்கள். பள்ளி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ராத்தாவுக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே வேண்டும்.

ஹெட்போனைக் காதில் போடுங்கள். போட்டுக்கொண்டு கேளுங்கள். இந்த முறையாவது.

நிலோஜன்


காத்தான்குடி
2025 ஜூன் 17

நிலோஜன்,

முதலில் ஒன்று. நான் கேட்டேன். என் காதால் கேட்டேன். என் மேசையில் எது நடந்தது என்று டோஹாவிலிருந்து நீங்கள் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தேன் பார்த்தேன் என்கிறீர்கள். அன்று நீங்கள் பக்கத்தில் இல்லை.

இனி உங்கள் பாடத்துக்கு வருகிறேன். சொன்னபடி ஒன்று விடாமல் செய்தேன். புதுப் பெற்றறி. முக்காலி. அஸருக்கே போய் ஆற்றங்கரையில் வெயிலில் நின்றேன். அஸர் பாங்கே சரியாகக் கேட்கவில்லை. பள்ளியில் மைக் பழுதாக்கும் என்று நினைத்தேன். மஃரிபுக்கும் அதே கதை. ஹெட்போனில் கேட்டது காற்று, காற்று, காற்று. நடுவில் எங்கோ கிணற்றுக்குள் ஒரு மனிதர் பேசுகிறார். வீட்டுக்கு வந்தால், "இண்டைக்குப் பாங்கு நல்ல சத்தமாக் கேட்டிச்சி" என்கிறார் உம்மா.

இது ஜூன் மாதம், நிலோஜன். கச்சான் அடிக்கிறது. ஆற்றுப் பக்கமிருந்து வந்து ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகிற காற்று. ஆற்றங்கரையில் நின்றால் பாங்கு எனக்கு வராது, கச்சான் அதைக் கடலுக்குக் கொண்டு போய்விடும். நாம் படம் எடுத்தது மாரி முடிகிற நேரம், அப்போது காற்று மறுபக்கம். ஏசி அறையில் இருந்துகொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். இரண்டு மாதத்தில் ஊரின் காற்றும் மறந்துவிட்டது.

இரண்டாம் முறை ஒரு கம்பளி உறை செய்து மாட்டினேன். என் சின்ன மருமகளின் கரடிப் பொம்மையின் தோலை உரித்து மைக்குக்குப் போட்டேன். இன்னும் அழுகிறாள். காற்றுச் சத்தம் குறைந்தது, பாங்கு கூடவில்லை. மூன்றாம் முறை பள்ளி வாசலுக்கே போய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அதில் பாங்கு சொல்லும் முஅத்தின் கரகரவென்று ஏசுவது போல இருக்கிறது.

மூன்றையும் இணைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு வெட்கப்படுங்கள். நானும் கேட்டு வெட்கப்பட்டுத்தான் இருக்கிறேன்.

விழாக்காரர்கள் ஜூலை கடைசிக்குள் படத்தைக் கேட்கிறார்கள். ராத்தா இப்போது இடியப்பத்தைக் கடைக்குக் கொடுத்தனுப்புகிறார். வாசலில் விற்பதில்லை.

றிஸ்லா


டோஹா
2025 ஜூன் 20

றிஸ்லா,

மூன்றையும் கேட்டேன். கச்சானை மறந்தது என் பிழை. பிறந்ததிலிருந்து முகத்தில் அடித்த காற்றை மறந்திருக்கிறேன். இந்த ஊரில் காற்று என்றால் மணல், வேறொன்றும் தெரிவதில்லை. கரடிப் பொம்மைக்கு என் சார்பில் மருமகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஆனால் உறை நன்றாக வேலை செய்கிறது, வைத்திருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எரிச்சலாக இருக்கிறது. விடியுமுன் வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நாங்கள் ரோட்டில் நிற்போம். பக்கத்துப் பள்ளியில் தினமும் பாங்கு. உங்கள் முதல் கடிதம் வந்த பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். அந்த வரி வந்தது. என்னோடு நிற்கும் மலையாளியிடம் கேட்டேன், ஓம், அதுதான் என்றான். வந்த நாளிலிருந்து தினமும் கேட்டிருக்கிறேன். உங்கள் படத்தை மிக்ஸ் செய்த அந்த நாட்களிலும் காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு அது வெறும் சத்தமாகத்தான் இருந்திருக்கிறது, நல்ல லெவலில், சுத்தமாக.

உங்கள் வீட்டில் நாலு வருடமாகப் பாங்கு கேட்டேன். மத்தியானம் லுஹர், பிறகு அஸர், மஃரிப். சுபஹுக்கு நான் ஒருநாளும் உங்கள் ஊரில் இருந்ததில்லை. இருந்த ஒரே நாள் அந்த ரெக்கோடிங். வித்தியாசம் இருக்கிறது என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதில் யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல் இரண்டு பேர் மேலும் கோபமாக இருக்கிறேன்.

சரி, வேலை. ஆற்றங்கரையை விடுங்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறதே, அதற்குக் கிழக்கே, கச்சானுக்கு மறைவில் ரெக்கோடரை வையுங்கள். பள்ளி அங்கிருந்து கிட்டவும் இல்லை, தூரமும் இல்லை. தூரத்தை நான் இங்கே சேர்ப்பேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்துங்கள். மேல்மாடிப் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்தினால் உங்கள் சாவிக் கொத்தை அதற்குள் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் போட மறந்து உம்மாவின் இறைச்சி பழுதாகும், அதற்கும் என்னைத்தான் ஏசுவீர்கள்.

ராத்தா தண்ணீர் குடிக்கும் சத்தமும் வேண்டும். பழைய தடத்தில் அது ஆற்றுச் சத்தத்தோடு கலந்துதான் இருக்கிறது. அவரை ஒரு சின்ன அறையில் வைத்து, சுவரில் போர்வை தொங்கவிட்டு, போனை நெஞ்சுக்குக் கிட்ட வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒரு பழம், ஒரு மிடறு. அவ்வளவுதான்.

நிலோஜன்


காத்தான்குடி
2025 ஜூலை 1

நிலோஜன்,

ராத்தா அறைக்குள் வர மறுத்துவிட்டார். கேட்டதும் வந்த கோபத்தைப் பார்த்து நான் இரண்டு அடி பின்னால் போனேன்.

"நோன்பு தொறக்குற மாதிரி நடிச்சித்தானே இவ்வளவும் வந்த? மறுகா நடிக்கச் சொல்லுறியா? நான் நடிக்க மாட்டன் கா. திங்கக்கிழம சுன்னத்து நோன்பு விரும்பிப் புடிக்கிறன். மஃரிபுக்கு ஒங்கட மாடிக்கு வாறன். நான் நோன்பு தொறக்கக்குள்ள நீ புடிக்கிறெண்டா புடி. பிழைச்சா அதோட சரி."

ஆகவே ஒரே ஒரு தரம். திரும்ப எடுக்க முடியாது. உங்கள் போர்வையும் சின்ன அறையும் போய்விட்டன. இனி என்ன செய்வதென்று உங்களிடம் கேட்க நேரமும் இருக்கவில்லை, ஆசையும் இருக்கவில்லை.

தாங்கியின் மறைவில் பாய் போட்டு ராத்தாவை இருத்தினேன். கரடித் தோல் போட்ட ரெக்கோடரைப் பள்ளிப் பக்கம் திருப்பி முக்காலியில் வைத்தேன். போனை அவர் நெஞ்சில், பருத்தித் துணிக்குள் வைத்துப் பின் குத்தினேன். இரண்டையும் நீங்கள் பொருத்துவதற்காக ஒரு தரம் கை தட்டினேன், ராத்தா திடுக்கிட்டு ஏசினார். அதுவும் பதிவில் இருக்கிறது, கேட்டுச் சந்தோசப்படுங்கள். அஸரில் லெவல் பார்த்து வைத்துவிட்டேன். சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர்களிடமும் போய்க் கேட்டேன். "அந்த சுபஹுப் படத்துக்கா?" என்று சிரித்தார் ஒருவர். அந்தப் படத்துக்குத்தான், இப்ப மஃரிப் வைக்கப் போறம் என்றேன். சிரிப்பை நிறுத்தி எஞ்சினையும் நிறுத்தினார்கள்.

மஃரிப் நெருங்க, காற்றுக் கொஞ்சம் அடங்கியது. பாங்கு தொடங்கியது. ஹெட்போனில் இரண்டும் சேர்ந்து வந்தன. பள்ளியிலிருந்து குரல். ராத்தா பேரீச்சம்பழத்தின் கொட்டையைத் துப்பித் தட்டில் வைத்த சத்தம். பிறகு தண்ணீர். நாள் முழுக்க வெயிலில் காய்ந்த தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம் வேறு, நிலோஜன். படப்பிடிப்பில் நாம் எடுத்தது வெறும் தண்ணீர். இது கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அழுதால் மூக்கு உறிஞ்சும் சத்தம் பதிவாகும் என்று வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன்.

குடித்துவிட்டு 'அல்ஹம்துலில்லாஹ்' என்று மெல்லச் சொன்னார். நான் எழுதிக் கொடுக்காதது. அதை வெட்டாதீர்கள். வெட்டினால் நம் பகை ஆயுசுக்கும் இருக்கும். முடிந்த பிறகும் நிறுத்தாமல் ஓடவிட்டேன், உங்கள் ஒட்டுக்காக. அந்த வெறும் சத்தத்தில், "போதுமா கா? கஞ்சி ஆறுது" என்று ஒரு குரல் வரும். அதை மட்டும் வெட்டுங்கள்.

பிரிட்ஜுக்குள் சாவியை வைத்தேன். அந்த யோசனை வேலை செய்கிறது.

கோப்புகளை இரண்டு டிஸ்க்கில் போட்டு ஒன்றை வீட்டிலும் ஒன்றைக் கடையிலும் வைத்துவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

றிஸ்லா


டோஹா
2025 ஜூலை 6

றிஸ்லா,

மிக்ஸ் இணைப்பில் இருக்கிறது.

உங்கள் கைதட்டு சிவப்பைத் தாண்டிவிட்டது, யாரையோ அறைந்தது போல. யாரை நினைத்துத் தட்டினீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. பாங்கின் நடுவே காகம் ஒன்று கத்துகிறது. எடுக்கத் தெரியும், எடுக்கவில்லை. பொழுது படும்போது காகம் கத்தும், விடியுமுன் கத்தாது. சுத்தம் என்றால் என்ன என்று மே மாதம் கேட்டீர்கள். நான் சொன்ன பதில் பிழை.

ராத்தாவின் 'அல்ஹம்துலில்லாஹ்' வெட்டுப்படவில்லை. அது கேட்கும்படி அந்த இடத்தில் பாங்கின் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன்.

இப்போது என் நிபந்தனை. டைட்டிலில் 'ஒலி: றிஸ்லா' என்று போடுங்கள். என் பெயர் வேண்டாம். கமராவிலிருந்தும் எடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகட்டும், எங்கும் போகட்டும், எனக்கு அதில் பங்கு வேண்டாம். தமிழ் ஆள் என்று நீங்கள் சொன்னதை நான் தூக்கத்திலும் கேட்கிறேன். வேலையைச் செய்து முடித்தால் அது நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை.

கேளுங்கள். ஹெட்போனில். கடைசி வரை. பாங்கு இல்லாத நேரமாகப் பார்த்து.

நிலோஜன்


காத்தான்குடி
2025 ஜூலை 20

நிலோஜன்,

உங்கள் பெயரை எடுக்கவில்லை. கமராவிலும் இருக்கிறது, ஒலியிலும் இருக்கிறது, என் பெயருக்குப் பக்கத்தில். கோபம் வந்தால் அங்கேயே இருந்து கோபப்படுங்கள். என் படத்தில் யார் பெயர் வர வேண்டும் என்று நான்தான் முடிவு செய்வேன். நம் படத்தில் என்று திருத்திப் படியுங்கள்.

நேற்று அதே மண்டபம், அதே பின்னேரம். முதல் தரம் வந்தவர்களைவிடக் கூட ஆட்கள், சிரிக்கலாம் என்று வந்தவர்கள். படம் போட முன்பு மைக்கைப் பிடித்தேன். "போன முற சவுண்ட் செஞ்சவரத் தமிழ் ஆள் எண்டு சொன்னன். அவருக்குப் பேர் இரிக்கி. நிலோஜன். களுவாஞ்சிக்குடி. இந்தப் படத்துல நீங்க பாக்குறது முழுக்க அவர்ட கண்" என்றேன். யாரும் கை தட்டவில்லை. கை தட்டுவதற்காகச் சொல்லவும் இல்லை. அப்ஹாம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான், இதையும் உங்களுக்கு அனுப்பியிருப்பான்.

ராத்தாவை முன் வரிசைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. பின்னால் மேசையில் நான் லேப்டாப்பை வைத்து ஓட்டிக் கொண்டிருந்தேன், என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். கடைசிக் காட்சி வரும் வரை இரண்டு கையையும் மடியில் வைத்து இறுக்கிக் கொண்டிருந்தார்.

பாங்கு தொடங்கியது. முன் வரிசைப் பெண்கள் முக்காட்டை இழுத்துப் போட்டார்கள். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார், மஃரிப் வந்துவிட்டதா என்று. போன முறை முதலில் சிரித்த மனிதர், பக்கத்தில் கதைத்துக் கொண்டிருந்த பிள்ளையின் வாயைப் பொத்தினார்.

ஜூனில் என் கையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டிருந்தேன். கேட்டேன், கேட்டேன் என்று சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். நேற்று அந்தப் பாங்கு தொடங்கியதும் என் வலது கை எழும்பி லேப்டாப்பின் சத்தத்தை நிறுத்தப் போனது. நான் அனுப்பவில்லை, அது போனது. விரல் பொத்தானில் பட்டுவிட்டது, அழுத்துவதுதான் மிச்சம்.

ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார். "விடு கா," என்றார், "கேக்கட்டும்."

பாங்கு முடியும் வரை அவர் என் கையை விடவில்லை.

றிஸ்லா